முழங்காலுக்குக் கீழே

வில்லியமின் இடது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்துவிடும். கணினித் திரையில் அது முடியவில்லை.

சுஹானா கையிலிருந்த ஸ்கேனரை இன்னொரு முறை காலைச் சுற்றி மெல்லக் கொண்டுவந்தாள். அதன் சிவப்புக் கோடுகள் தோலின் மேலும், அளவுக்காக அவள் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைப் பொட்டுகளின் மேலும் ஊர்ந்து போயின. கோடுகள் தொட்ட இடமெல்லாம் திரையில் சாம்பல் நிற உருவமாக வளர்ந்தது. முழங்கால் வந்தது. தையல் தழும்பு வந்தது. உருண்டையான முனை வந்தது. அதற்கும் கீழே, வெறும் காற்று மட்டுமே இருந்த இடத்தில், ஒரு குதிகால் வந்தது.

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு இது ஆறாவது வருடம். சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்க்கடை வரிசையில், முன்னால் கம்பிக் கதவும் பின்னால் ஆறுமாக இருந்த நீளமான ஒற்றை அறை. மாவுக்கட்டுத் தூளும் பிசினும் எந்நேரமும் மணக்கும். மதியத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிந்ததும் சேற்று நாற்றம் பின் சன்னல் வழியாக உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். ஈரத்தரை வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் திரையில் இப்படித் துண்டு துண்டாகக் குப்பை விழுவதுண்டு. அவள் தரையைத் துடைத்தாள். சன்னலைச் சாத்தினாள். மறுபடி எடுத்தாள்.

இந்த முறை கணுக்காலும் ஐந்து விரல்களும் சேர்ந்து வந்தன. கணுக்காலைச் சுற்றி ஒரு பக்கம் நான்கு தடித்த வரிகள். மறுபக்கம் அகலமாக ஒன்று.

"இன்னும் எடுக்கணுமா மா?" என்றார் வில்லியம். பட்டர்வொர்த் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் இருந்த உடம்பில் சின்ன ஆணிக்காயம் ஆறாமல் போய், பிப்ரவரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள். வலிக்குதா?"

"இருக்கிற கால் வலிக்கல. இல்லாத கால்தான். கரண்டைகிட்ட யாரோ இறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்கு. தாஹான் பண்ண முடியல, தாங்கவே முடியல."

"டாக்டர் அது நரம்புன்னு சொன்னாருலா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எவ்லின். "வெட்டின நரம்பு, கால் இன்னும் இருக்குதுன்னு நினைச்சுக்குமாம்."

சுஹானா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் முதலாளி யூசுப்புக்குப் போன் செய்தாள். அவர் நிபோங் திபாலில் ஒரு நோயாளியின் வீட்டில் இருந்தார். பின்னால் யாரோ சுத்தியல் தட்டும் சத்தம்.

"குப்பைதானே? டெலீட் பண்ணிட்டு சாக்கெட்டுக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்கணும்."

முனைக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் வளைத்துத் தேர்ந்தெடுத்தாள். அந்தப் பாதம் முழுவதும் சிவப்பாக மாறி, அழிக்கவா என்று திரை கேட்டது. நான்கு வரிகளின் நுனியிலும் ஏதோ தட்டையாக, வழவழப்பாக இருந்தது. பெரிதாக்கிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அழித்தாள்.

வெள்ளிக்கிழமை தயாராக இருந்தது அந்த சாக்கெட், வெட்டிய காலை நுழைக்கும் சோதனைக் கூடு; அதன் கீழே ஒரு குழாயும் செயற்கைப் பாதமும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்தது, தோல் எங்கே அழுந்துகிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். வில்லியம் காலை உள்ளே விட்டு, நடை பழகும் இரண்டு கம்பிகளையும் பிடித்து எழுந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு காலில் நின்றார். எவ்லின் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு அங்கிள்?"

வில்லியம் கம்பிகளை இறுக்கிப் பிடித்தார். அவர் முகத்திலிருந்து நிறம் வடிவதைச் சுஹானா பார்த்தாள். பிறகு குனிந்து கூட்டைப் பார்த்தாள். பிளாஸ்டிக்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அங்கே தோலில் நான்கு பட்டைகள் இரத்தம் ஒதுங்கி வெளிறிக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டை தளர்ந்தது. ஒரு விரற்கடை மேலே நகர்ந்து மறுபடி அழுந்தியது. பிறகு அடுத்த பட்டை. பிறகு அடுத்தது. ஏணியில் ஏறுவது போல.

வில்லியம் கத்தினார். "கழட்டு! உள்ளே கை இருக்கு, கழட்டுமா!"

கழற்றி உட்கார வைத்தார்கள். தோலில் கீறல்கூட இல்லை. அளவு பிசகியிருக்கும் என்றாள் சுஹானா. திரும்ப எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். ஸ்கேனரை மறுபடி எடுத்தாள்.

திரையில் பாதம் இல்லை. அந்தக் கை இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இருக்கும் சதையிலேயே பற்றியிருந்தது. அதற்குக் கீழே மணிக்கட்டு. மெலிந்த முன்னங்கை. அது நேராக இறங்கித் தரை ஓட்டில் முடிந்தது. இல்லை, முடியவில்லை. ஸ்கேனருக்குத் தரைக்குக் கீழே தெரியாது, அவ்வளவுதான்.

அவள் தரையைப் பார்த்தாள். பச்சை ஓடு. அதன்மேல் எவ்லினின் கைப்பை.

"என்ன மா தெரியுது?" வில்லியம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொல்லுலா."

சொல்லியிருக்கலாம். திரையை அவர் பக்கம் திருப்பியிருந்தால் போதும். பிறகு பல நாள் அதை நினைத்து அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னுமில்ல அங்கிள். தரை பளபளப்பா இருக்கு, அதான்."

மூன்று வாரம் அவர் வரவில்லை. சுஹானா அவர்கள் இருந்த பக்கம் தரையில் கால் வைக்காமல் சுவரோரமாகவே நடந்தாள். யூசுப்பிடம் காட்ட அந்த ஸ்கேன் கோப்பைத் திறந்தபோது அதில் முழங்காலும் தழும்பும் மட்டுமே இருந்தன. நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை எவ்லின் போன் செய்தார். குரலில் சிரிப்பு.

"வலி விட்டிருச்சுமா! ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்புறப்ப சட்டுன்னு நின்னுபோச்சு. இன்னிக்கே வரோம்."

மூன்று மணிக்கு வந்தார்கள். மழை பிடித்திருந்தது. வாசலுக்கு மேல் நீட்டியிருந்த தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பேசுவதற்கே குரல் உயர்த்த வேண்டியிருந்தது. சுஹானா வெட்டுப்பட்ட காலை மூன்று முறை ஸ்கேன் செய்தாள். சுத்தமாக இருந்தது. கீழே காற்று மட்டும். பல நாளுக்குப் பிறகு அவள் முழுதாக மூச்சு விட்டாள்.

வில்லியம் அதே சோதனைக் கூட்டை மாட்டி எழுந்தார். ஓர் எட்டு வைத்தார். வலி இல்லை. கம்பிகளின் மறுமுனையில் எவ்லின் கையை நீட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார்.

"இந்தக் கால்தான் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கு," என்று வில்லியம் தன் வலது காலைக் காட்டினார். "நல்ல காலு. நடந்து பழக்கம் விட்டுப்போச்சுலா."

சுஹானா ஸ்கேனரை நிறுத்த மறந்திருந்தாள். அது அவள் கையில் தொங்கியபடி கம்பிகளின் பக்கம் சிவப்புக் கோடுகளை வீசிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

நகரும் எதையும் அது சரியாகப் பிடிக்காது. வில்லியமின் கால்கள் புகை போலக் கலைந்து தெரிந்தன. வலது கணுக்காலைப் பிடித்திருந்த இரண்டு கைகள் மட்டும் தெளிவாக, நகம் வரை தெளிவாக இருந்தன.

அவர் காலை எடுத்து வைத்தார். தரையிலிருந்து முழங்கைகள் வெளியே வந்தன.

இன்னோர் எட்டு. தோள்கள்.

"உட்காருங்க அங்கிள்." மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அங்கிள்! உட்காருங்க! நடக்காதீங்க!"

"பயப்படாத மா," என்று அவர் திரும்பாமலே சிரித்தார். "விழ மாட்டேன்."

அவர்தான் இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எட்டுக்கும். மரத்துப்போன காலை முக்கித் தூக்கி, முன்னால் வைத்து, அதைப் பற்றியிருந்ததை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

பச்சை ஓட்டில் எதுவும் இல்லை. திரையில் ஓட்டுக்கு மேலே ஓர் உச்சந்தலை. நெற்றி. மூடிய இரண்டு இமைகள்.

"வாங்க," என்றார் எவ்லின். நீட்டிய அவர் கை வில்லியமின் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. "இன்னும் ஒரே எட்டு."

வில்லியம் வலது காலைத் தூக்கினார்.

இமைகள் திறந்தன.