ஒரு வாய் கேசரி

குற்றாலச் சாரலில் அருவிக்குளியல் போட்டுவிட்டு வந்தால் ஒரு பசி வரும் பாருங்கள்... அது பொல்லாத பசி. மங்களேஸ்வரி நாலாவது வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்தபோதுதான் கடையோரம் நின்றவனைக் கவனித்தாள். ஈரத்தலை, அகன்ற தோள், கை நிறைய ஊறவைத்த நிலக்கடலை... கண் மட்டும் அவள் பஜ்ஜியில்.

"இப்படிப் பாத்தா எனக்கு வயிறு வலிக்கும். வாங்கித் திங்க வேண்டியதுதான?"

"எண்ணெ, இனிப்பு எதுவும் தொடுததில்ல. அடுத்த மாசம் பாளையங்கோட்டையில போலீஸ் செலக்சன். ஓடணும்லா."

"குத்தாலத்துல வந்து கடலை கொறிக்குத ஆள இப்பதான் பாக்கேன்."

"ஒத்தையில நாலு பஜ்ஜி திங்குத பொண்ண நானும் இப்பதான் பாக்கேன்."

வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன திமிர்... ஆனாலும் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சுந்தரபாண்டியபுரத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியுமாகத் தட்டோடு வந்து நிமிர்ந்தாள். அவனேதான்... பெயர் சங்கிலிப்பாண்டியாம். கடவுளே, இவனையே கொடுத்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

தட்டை நீட்டினாள். அவன் அவள் கண்களையே பார்த்தபடி, "வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவைத்தான்.

பெண் வீட்டு இனிப்பை மாப்பிள்ளை தொடவில்லையென்றால் பெண் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவள் அப்பா எழுந்து கைகூப்பிவிட்டார்.

"பதில் தாக்கல் சொல்லி விடாண்டாம். எங்களுக்குப் புரிஞ்சிட்டு."

பெண்களோடு உள்ளே இருந்த அவன் அம்மா மாடத்திக்கு, வண்டியேறிப் பாதிவழி வந்த பிறகே நடந்தது தெரிந்தது.

"கோட்டிக்காரப் பயலே, தட்டத் தள்ளுனா பொண்ணு வேண்டாம்னுல்லா அர்த்தம். ஒனக்குப் பிடிக்கலையாலே?"

அவள் அப்பா கைகூப்பியதைச் சம்மதம் என்றல்லவா நினைத்திருந்தான் அவன்! ஓடும் மாட்டுவண்டியிலிருந்து குதித்தான். கொட்டும் சாரலில், வந்த வழியே ஓடினான்... செலக்சனில்கூட யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள்.

வாசலில் அப்பாவும், கதவுக்குப் பின்னால் அழுத கண்ணோடு அவளும்.

"வேண்டாம்னு போனவியளுக்கு இங்கன என்ன சோலி?" அவள் குரல்தான்.

"நான் வேண்டாம்னது கேசரிய..." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஒங்களப் பாத்ததும் வேற பேச்சு வரல. குத்தாலத்துல பாத்ததுலேர்ந்து கடலையே எறங்கல. கொண்டாங்க அந்தத் தட்ட, அம்புட்டையும் திங்கேன். செலக்சன் போனாப் போவட்டும். நீங்க வேணும் எனக்கு."

அப்பா மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு மாட்டுத்தொழுவம் பக்கம் போனார்.

தட்டு வந்தது. அவன் ஒரு வாய் கேசரி போட்டான். அடுத்த வாய்க்குக் கை போகுமுன் அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"போதும். இதுக்காவ நீங்க தோக்க வேண்டாம். ஓடி செயிச்சிட்டு வாங்க."

"அப்ப மிச்சம்?"

"நானே கிண்டித் தாரேன்."

"எங்க வச்சு?"

அவள் தலை குனிந்தது. உதட்டோரம் சிரிப்பு...

"நம்ம வீட்டுல வச்சு."