இரண்டு பாட்டுக்கு நடுவே

சாக்ஸபோன் அடங்கி அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் இருந்த இடைவெளியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பாட்டுக்காரன் நிமிர்ந்தான். வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர்தான். ஒரு வரிகூட உருப்படியாகப் பாட வராது என்பதால் அண்ணன் வைத்த பெயர். மழை நாளுக்கு, விருந்துக்கு, நெடுந்தூரப் பயணத்துக்கு என்று பாட்டுகளைக் கோத்துத் தொகுப்பாக்கிக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஜாஸ், லத்தீன் அமெரிக்க நடன இசை, ஊரே முணுமுணுக்கும் பாட்டு எல்லாம் அவன் கைபட்டால் ஒன்றையொன்று உறுத்தாமல் உட்கார்ந்துகொள்ளும். இப்போது செய்துகொண்டிருந்தது தூக்கம் வராதவர்களுக்கானது.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். சாக்ஸபோன் தேய்ந்தது, கடைசி இழையும் அறுந்தது, அதன் பிறகு அவனே வெட்டி ஒட்டிய வெறும் அமைதி. அதற்குள் ஒன்றும் இருக்க வழியில்லை. ஆனாலும் சளி கட்டிய நெஞ்சிலிருந்து ஏறி, பாதியில் சிக்கி, மறுபடி ஏறப் பார்க்கும் மூச்சு அங்கே இருந்தது.

அண்ணன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் அடுத்த அறையில் மூச்சுத் திணறிக் கீழே விழுந்து கிடந்தவரை, கடைக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்துதான் பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவனுக்காக அவளே பேசினாள். "பாவம், காதுல ஹெட்போன் மாட்டியிருந்தார். அவருக்கு எப்படிக் கேட்கும்?" அன்றிலிருந்து அவள் போடும் சோறு அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கேட்டிருந்தது. "டேய், கொஞ்சம் வாடா" என்று அண்ணன் கூப்பிட்டது நன்றாகவே கேட்டது. தண்ணீர், தலையணை, ஜன்னல் என்று பொழுதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்தானே என்று சலித்துப்போய், இவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

இடைவெளிகளை எடுத்துவிட்டு, பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டிப் பார்த்தான். டிரம்பெட்டுக்கு அடியில் அந்த மூச்சு வந்தது. கித்தாருக்கு அடியில் வந்தது. மறுநாள் மூச்சு பேச்சாயிற்று. குசுகுசுவென்று. என்னவென்று பிடிபடவில்லை.

தாங்க முடியாமல் அண்ணியைக் கூப்பிட்டான்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணன் குரல்தானே?"

"அவர் குரலா? இல்லையே தம்பி." ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உங்க குரல். 'இருண்ணா, இந்தப் பாட்டு முடியட்டும்'னு சொல்றீங்க."

அன்று அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும்தான் சொன்னான்.

"எப்போ சொன்னீங்க இதை?"

அவள் வெகுநேரம் அவனையே பார்த்தாள். கண் கலங்கவில்லை; ஏதோ ஒன்று வற்றிப்போனது.

"தூறல் போடுது. துணி நனையும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அழித்துவிட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக அழித்தான். திரை காலியானது. இனி ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாததும் கேட்டது.

கழற்றக் கையை உயர்த்தினான். அங்கே ஏற்கெனவே கைகள் இருந்தன. பின்னாலிருந்து வந்தவை. இரண்டு காதிலும். சில்லென்று.

அழுத்தின.

ஜன்னலுக்கு வெளியே அண்ணி, கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!"

கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினான். தொண்டை கிழிந்தது. அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். திரும்பவில்லை.

அந்தக் கைகளுக்கு அவசரமே இல்லை. குழந்தைக்குக் குல்லா மாட்டிவிடுவதுபோல, மெதுவாக, இன்னும் கொஞ்சம் இறுக்கின.