கமலவேணியின் குரல் ஏன் ஆடுகிறது?

பெண்டாட்டி செத்ததற்கு அழாத மனிதனை ஊர் லேசில் விடாது. ஆம்பூரில் பெல்ட்டுப் பட்டறை வைத்திருந்த லோகநாதனையும் விடவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்றார்கள், அடுத்த கல்யாணத்துக்குத் தயாராகிறான் என்றார்கள். எல்லாம் அவன் காதில் விழுந்தது, எதுவும் உறைக்கவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்தினால் குத்தியது தெரியும், வலி தெரியாது. அந்த நிலையில்தான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவனை வேலூர் ரேடியோக் கடை ஹயாத் பாஷா ஒரு காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரங்கநாதன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அரங்கநாதன் ரயில்வேயில் கிளெய்ம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் உடைந்த கண்ணாடியையும் நனைந்த சர்க்கரை மூட்டையையும் பார்த்து, அது யார் கையில் கெட்டது என்று சொல்வதே அவருக்கு வாழ்நாள் வேலை. வேலை போனாலும் புத்தி போகவில்லை. ஊரில் எந்தச் சாமான் கெட்டாலும் அவரைத் தேடி ஆள் வரும். பாஷா அவருக்குக் கூட்டாளி மாதிரி. கேட்காமலே வருவார், சொல்லாமலே கிளம்புவார், எல்லாருக்கும் முன்னால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாருக்கும் பின்னால் அதை மாற்றிக்கொள்வார்.

"சார், இவரு பெண்டாட்டி கமலவேணி. குடியாத்தம் நெசவுக்காரங்க பொண்ணு. தறிச் சத்தத்துக்கு ஏத்த மாதிரி பாட்டுக் கட்டிப் பாடுவாங்க. மெட்ராஸ்ல போய்ப் பதிவு பண்ணி, கல்கத்தாவுல ரெக்கார்டு அடிச்சு வரவழைச்சாரு. நான்தான் என் கடையில வெச்சு வித்தேன். வாங்கினவன் எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டான்" என்றார் பாஷா.

"இன்னா குறை?"

"பாட்டு ஆடுது சார். ஊஞ்சல்ல உக்காந்து பாடற மாதிரி மேல போவுது, கீழ வருது. ரொம்ப பேஜாராப் போச்சு."

அரங்கநாதன் லோகநாதனைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றான் லோகநாதன். "பெட்டி வந்த அன்னைக்கே கேட்டேன். அவ போய்ப் பதினாறுகூட ஆவல. ஒண்ணு ஆடுச்சுன்னு அடுத்தத எடுத்தேன். பெட்டி மொத்தத்தையும் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட நேரா இல்ல. அதைச் சொல்லணும்னுகூடத் தோணல, பெட்டி அப்படியே பாய் கடைக்குப் போயிடுச்சு."

அதைச் சொன்னபோதும் அவன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல இருந்தது.

"மறுபடி அடிச்சுக் குடுக்கச் சொன்னீங்களா?"

"கல்கத்தாக்காரன் எங்ககிட்ட தப்பில்லன்னுட்டான். இப்போ பெங்களூர்ல புதுசா ஒரு பேக்டரி. அவங்க ஏஜெண்டு கோதண்டராமன் வந்து நிக்கிறாரு. கையெழுத்துப் போட்டா கல்கத்தாவுல இருக்கிற அச்சுத் தகட்ட அவங்களே வாங்கிப் புதுசா அடிச்சுத் தர்றாங்களாம். இன்னைக்குச் சாயங்காலம் வர்றாரு."

"மெட்ராஸ்ல பதிவு பண்ண டேப்பு?"

"அழிச்சு வேற பாட்டு ஏத்திட்டாங்க. அந்தத் தகடு ஒண்ணுதான் இருக்கு."

அரங்கநாதன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தகடு தப்பான கைக்குப் போய்க் கெட்டால் கமலவேணியின் குரல் உலகத்தில் இல்லை. இதைவிட அவசரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் நெடியைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் லோகநாதனின் பட்டறை; அதற்குப் பின்கட்டில் வீடு. உள்ளே சின்னசாமி என்ற வேலையாள் வார் அறுத்துக்கொண்டிருந்தான். முதலாளியைக் கண்டதும் ஒரு பெல்ட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இது நேத்து நீங்க போட்டது மொதலாளி. அஞ்சு ஓட்டை போட வேண்டியதுக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போட்டுக்கினே போயிருக்கீங்க. தோல் வேஸ்ட்டு."

லோகநாதன் பெல்ட்டை வாங்கிப் பார்த்தான். அவன் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். போட்ட ஞாபகம் இல்லை. இப்போதெல்லாம் டம்ளர் காலியான பிறகுதான் டீ குடித்தது தெரிகிறது. அவன் பெல்ட்டைத் தன் பெஞ்சில் போட்டான்.

பாஷா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ரெக்கார்டு பிளேயரை வைத்துத் திரும்பி வந்த தட்டுகளில் ஒன்றைப் போட்டார். கமலவேணியின் குரல் எழுந்தது, சாய்ந்தது, மறுபடி எழுந்தது. சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டான். லோகநாதன் சுவரில் தொங்கிய வார்களைப் பார்த்தபடி இருந்தான். இந்தக் குரலைக் கேட்டால் ஏதாவது ஆக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அரங்கநாதன் பாட்டைக் கேட்கவே இல்லை. ஊசியைத் தாங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஷா, ஊசிக் கை மேலயும் கீழயும் போவுதா, பக்கவாட்டுல போவுதா?"

"பக்கவாட்டுல சார்."

"அப்போ தட்டு வளையல. வெயில்ல காஞ்சு நெளிஞ்சிருந்தா மேல கீழ குதிக்கும். நடு ஓட்டை நடுவுல இல்ல. அதான் விஷயம்."

"பாத்தீங்களா, கல்கத்தாக்காரன் வேலை. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் பாஷா.

அரங்கநாதன் சாக்பீஸ் வாங்கி, ஊசிக் கை எந்த இடத்தில் அதிகமாக வெளியே போகிறதோ அந்த இடத்தில் லேபிள்மேல் ஒரு கோடு போட்டார். அடுத்த தட்டுக்கும் அப்படியே, அதற்கு அடுத்ததற்கும். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார். ஒன்றில் கோடு கமலவேணி என்ற பெயருக்கு நேராக இருந்தது. இன்னொன்றில் பெயருக்குக் கீழே. மூன்றாவதில் எங்கோ ஓரத்தில். ஒரு தட்டு ஜாஸ்தி ஆடியது, ஒன்று கம்மி.

"எல்லாம் ஒரே தகட்டுல அடிச்சது பாஷா. தகடு விலகி இருந்தா எல்லாத் தட்டும் ஒரே பக்கம்தான் ஆடணும், ஒரே அளவு ஆடணும். இங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திக்குல ஆடுது. மிஷின் இப்படித் தப்புப் பண்ணாது. இது கையால ஆன தப்பு."

அவர் ஒரு தட்டை லோகநாதன் கையில் கொடுத்து நடு ஓட்டையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேல்பக்கம் லேபிள் காகிதம் உள்ளே அமுங்கியிருந்தது. கீழ்ப்பக்கம் விளிம்பு லேசாகப் பிதுங்கி விரலை அறுத்தது. தோலில் இது தினம் பார்ப்பதுதான். "ஓட்டை போடற பஞ்ச் வெச்சு அடிச்சிருக்காங்க" என்றான் அவன், சாதாரணமாக.

"ஆமா. பழைய அரக்கு ரெக்கார்டா இருந்தா அடிச்ச அடியில நொறுங்கிப் போயிருக்கும். இது புது பிளாஸ்டிக்கு. தோல் மாதிரியே வெட்டும்."

பாஷா சின்னசாமியை முறைத்தார். ரயிலடியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தவன் அவன். கையில் பஞ்ச் பிடிப்பவன். கோதண்டராமன் அவனை வளைத்துப் போட்டிருந்தால் கதை முடிந்தது. சின்னசாமிக்கு அந்தப் பார்வை புரிந்து முகம் கறுத்தது. "பெட்டியை ஆணி பிரிக்காம வெச்சிட்டு ஊருக்குப் போய்ட்டேன் சார். பட்டறை பூட்டி இருந்துச்சு" என்றான்.

வீட்டிலிருந்து சந்திரா மோர் கொண்டுவந்தாள். கமலவேணியின் தங்கை. அக்காள் படுத்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். அரங்கநாதன் மோரைக் குடித்துவிட்டு, "வீட்டுல பிளேயர் இருக்காம்மா?" என்றார்.

"இருக்கு சார். நடுவுல இருக்கிற குச்சி ஒடைஞ்சு போச்சுன்னு லேத்துக்காரர்கிட்ட புதுசாப் போட்டோம். அதுக்குள்ள அக்காவுக்கு முடியாமப் போச்சு. பெட்டி வந்த அன்னைக்கு மாமா போட்டதோட சரி, அப்புறம் பாட்டுப் போட யாருக்கு மனசு வரும்?"

"பெட்டி வந்தப்போ பட்டறை பூட்டி இருந்துச்சாமே?"

"வெளிய பூட்டிதான் இருந்துச்சு. மாமா மட்டும் பின்பக்கமா வந்து உக்காந்து, நாள் முழுக்கத் தட்டிக்கினு இருந்தாரு. வேலையில கை வெச்சிட்டாருன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அரங்கநாதன் தலையாட்டினார். அப்போது அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு லோகநாதனின் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோல் பொட்டுகளுக்கு நடுவே கறுப்பாகப் பிறை வடிவத்தில் பளபளத்த சில துணுக்குகளைக் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார். பாஷா அதையும் தோல் என்றே நினைத்தார்.

சாயங்காலம் கோதண்டராமன் வந்தார். வேட்டி, கோட்டு, கையில் தோல்பை, முகத்தில் சிரிப்பு. தங்கள் பேக்டரி அடித்த மாதிரித் தட்டு ஒன்றை நீட்டினார். அரங்கநாதன் அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"பாஷா, கறுப்புக்குள்ள சாம்பல் நிறத்துல பொட்டுப் பொட்டாத் தெரியுதா? பழைய ரெக்கார்டுங்கள லேபிளோட அரைச்சு மறுபடி உருக்கினது. காகிதத் துணுக்கு உள்ளயே கிடக்கு. ஊசி அது மேல ஏறும்போதெல்லாம் சடசடன்னு சத்தம் வரும். அதை மிஷின்ல வெச்சு அழுத்தினா தகடும் கீறிப் போவும்."

கோதண்டராமனின் சிரிப்பு அசடு வழிந்தது. "எல்லா இடத்துலயும் கொஞ்சம் கலக்கறதுதான் சார்" என்றார்.

"இருக்கலாம். ஆனா இவருக்கு இருக்கிறது ஒரே தகடு." அரங்கநாதன் சந்திராவிடம் திரும்பினார். "பெட்டி வர்றதுக்கு முன்னால, சரியா இருக்கான்னு கேட்டுப் பாக்க ஒரு தட்டு அனுப்பி இருப்பாங்களே."

சந்திரா தயங்கினாள். "வந்துச்சு சார். அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போ. கேக்கணும் கேக்கணும்னு இருந்தாங்க, முடியல. நான் அவங்க சேலைக்குள்ள வெச்சிட்டேன். மாமா கேட்டா தாங்க மாட்டாருன்னு சொல்லல."

"அதையும் வீட்டுப் பிளேயரையும் கொண்டு வாம்மா."

அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கநாதன் நிதானமாகச் சொன்னார்: "நான் யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல. ஒவ்வொருத்தரா வந்து வீட்டுப் பிளேயர்ல இந்தப் பாட்டைப் போடுங்க. அவ்வளவுதான்."

கோதண்டராமன் முதலில் வந்தார். தட்டு நடுக் குச்சியின் நுனியிலேயே நின்றுவிட்டது. "உங்க பிளேயரே ரிப்பேருங்க" என்று விலகினார். சின்னசாமி வந்தான். ஒரு தரம் அழுத்திப் பார்த்தான், உடைந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்தான். "குச்சி தடியா இருக்கு சார். எறங்க மாட்டேங்குது."

அடுத்தது லோகநாதன். தட்டைக் குச்சியில் வைத்தான். இறங்கவில்லை. எடுத்தான். திரும்பி நாலடி நடந்து தன் பெஞ்சில் உட்கார்ந்தான். மரக்கட்டையை இழுத்தான், தட்டை அதன்மேல் வைத்தான், பஞ்ச்சை ஓட்டையில் நிறுத்தினான், சுத்தியலை ஓங்கினான். கை மேலே போனபோது யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"லோகநாதன், கையில இன்னா இருக்குன்னு பாருங்க" என்றார் அரங்கநாதன்.

அவன் பார்த்தான். சுத்தியல் இருந்தது. கட்டைமேல் கமலவேணியின் பெயர் இருந்தது.

அரங்கநாதன் மெதுவாகப் பேசினார். "காலையில நீங்க சொன்னீங்க, பெட்டி மொத்தத்தையும் போட்டுப் பாத்தேன்னு. இந்தக் குச்சியில ஒரு புதுத் தட்டுகூட எறங்காது. அப்போ எப்படிப் போட்டீங்க? உங்க பெஞ்சுக்கு அடியில இது கிடந்துச்சு, ரெக்கார்டு ஓட்டையில இருந்து வெட்டுப்பட்ட துணுக்கு." கூட்டைத் திறந்து கறுப்புப் பிறைகளைக் காட்டினார். "இங்க வேற யாராவது செஞ்சிருந்தா தெரிஞ்சு செஞ்சிருப்பான். உங்க கைக்கு ஓட்டை பத்தலன்னா பெருசு பண்ணத்தான் தெரியும். தினம் அதானே வேலை. மனசு வீட்டுல இல்லாதப்போ கை அதும்பாட்டுக்கு அதைப் பண்ணிச்சு."

"நானா?" என்றான் லோகநாதன்.

இப்போது அவனுக்கு அந்த நாள் துண்டு துண்டாக வந்தது. பெட்டி. வைக்கோல் வாசனை. இறங்காத தட்டு.

"அவ கொரலைக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றான். "போட்டேன், ஆடுச்சு. அடுத்தது நல்லா இருக்கும்னு எடுத்தேன். அதுவும் ஆடுச்சு. பெட்டியில ஒண்ணாவது நேரா இருக்காதா, ஒண்ணாவது அவ மாதிரி இருக்காதான்னு..."

நல்லதைத் தேடித் தேடி நல்லது எல்லாவற்றையும் அவனே கெடுத்திருந்தான். சந்திரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஷா சின்னசாமியின் அருகில் போய், "தப்பா நெனச்சிட்டேம்பா" என்று முணுமுணுத்தார். கோதண்டராமன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்.

அரங்கநாதன் கட்டைமேலிருந்த தட்டை எடுத்துப் பாஷாவிடம் கொடுத்தார். பாஷா அதைத் தன் பிளேயரில் வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஊசிக் கை அசையாமல் தட்டுமேல் போனது. கமலவேணி பாடினாள். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைப்போல நேராக, அவள் எப்போதும் பாடுகிற மாதிரி பாடினாள்.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசி வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கல்கத்தாவுக்கு எழுதிப் போடுங்க" என்றார் அரங்கநாதன். "தகடு அங்கயே இருக்கட்டும். அவங்களே மறுபடி அடிக்கட்டும். நல்ல வேலைக்காரங்க."

லோகநாதன் தலையசைத்தான். பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்துச் சின்னசாமியிடம் நீட்டினான். "இதை உள்ள வெச்சிடு. ஒரு அரம் எடுத்து அந்தக் குச்சியை ராவி எடு. குச்சிதான் தடியா இருக்கு."

பிறகு பாஷாவைப் பார்த்து, "இன்னொரு தபா போடுங்க பாய்" என்றான்.

பாஷா ஊசியை எடுத்து முதலில் வைத்தார். இரண்டாம் அடி வருவதற்குள் லோகநாதன் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்து, சந்து முழுக்கக் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தான். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சந்திரா கதவைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்மா, கேக்கட்டும்" என்றார் அரங்கநாதன்.