இருபத்து நாலாவது போர்ட்

சுவிட்ச் பொய் சொன்னது.

கட்டிடத்துக் கணினிகளையெல்லாம் கேபிள்களால் இணைக்கும் அந்தப் பெட்டிக்குப் பொய் சொல்லும் அளவுக்கு மூளை கிடையாது என்று ஒயர்காரனுக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் அவனை எல்லோரும் ஒயர்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய ஒல்லி உடம்பைப் பார்த்தால் அது தொழில்பெயர் மட்டுமல்ல என்று புரியும். ஆனாலும் மூன்றாவது முறை அதே கட்டளையை அடித்தபோது மூன்றாவது முறையும் திரையில் அதே பதில்தான் வந்தது. இந்தக் கட்டிடத்தின் தலைமை சுவிட்ச், நீ இப்போது மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருக்கிறாயே, அது அல்ல. வேறொன்று. முன்னுரிமை எண்: பூஜ்யம். அது இருக்கும் திசை: இருபத்து நாலாவது போர்ட்.

இருபத்து நாலாவது போர்ட்டில் கேபிளே இல்லை. வெறும் துளை. துளைக்கு மேலே பச்சை விளக்கு மட்டும் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாள் சாயங்காலம். கட்டிடத்தில் யாரும் இல்லை. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. சூடான தூசியின் வாசனை தொண்டையில் உட்கார்ந்திருந்தது. கூரையில் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு. ஐந்து நிமிடம் அசையாமல் டைப் அடித்தால், நீ செத்துவிட்டாய் என்று அதுவாகவே முடிவு செய்து அணைந்துவிடும். உடனே அவன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ரயிலை வழியனுப்புகிறவன் மாதிரி ஆட்ட வேண்டும். ஆட்டினான். எரிந்தது. "உயிரோடதான் இருக்கேன் சாமி," என்று விளக்கிடம் சொன்னான்.

வேலை இவ்வளவுதான். ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு வழி வைத்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றது இருக்கும், நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் உள்ளே வரும் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து, ஒன்று ஆயிரமாகி, எல்லாவற்றையும் மூச்சுமுட்ட வைத்துவிடும். ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு அதற்குத்தான். சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கும். எண் குறைந்தவன் தலைவன். பிறகு உபரியாக இருக்கும் வழியை மூடிவிடும். அந்த ஏற்பாட்டை மறுபடி இயக்கிவைக்கத்தான் இன்று வந்திருக்கிறான்.

அந்த ஏற்பாட்டைப் போன மாதம் அணைத்துவைத்த மேதாவி அவனேதான். ஒவ்வொரு போர்ட்டும் உயிர்பெற அரை நிமிடம் காத்திருக்கச் சொல்கிறதே என்று எரிச்சல். அணைத்தான். பிறகு, ஆரஞ்சு நிறக் கேபிளின் ஒரு முனை அநாதையாகத் தொங்குவதைப் பார்த்து, பாவம் பார்த்து, இருபத்து நாலில் சொருகினான். மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது. கட்டிடம் முழுக்க நெட்வொர்க் படுத்துவிட்டது. விளக்குகூட அணைந்து, இருட்டில் கொஞ்ச நேரம் கையை ஆட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிறகு எப்படி வெளியே வந்தான் என்பதுதான் சரியாக நினைவில்லை. மச்சான்தான் மறுநாள் வந்து கேபிளைப் பிடுங்கி எல்லாவற்றையும் சரிசெய்தான்.

மச்சான், மனைவியின் அண்ணன். இருவரும் சேர்ந்து நடத்தும் நெட்வொர்க் கடையில் பாதிப் பங்கு, வாழ்க்கையில் முழுப் பங்கு. இப்போது கீழே வேனில் காத்திருக்கிறான், கூடவே மகளும். வேலை முடிந்ததும் மூவரும் சினிமாவுக்குப் போவதாகத் திட்டம். இந்த முறையாவது ஏமாற்றக் கூடாது என்று மகள் இவன் உள்ளங்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தாள்.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், இங்க எனக்கு முன்னாடியே ஒருத்தன் தலைவர் சீட்ல துண்டு போட்டு உட்கார்ந்திருக்கான். இருபத்து நாலுல. கேபிளே இல்ல, லைட்டு மட்டும் எரியுது."

மறுபுறம் மச்சான் சிரிக்கவில்லை. வழக்கமாக அவன் முதலில் சிரிப்பான்.

"மாப்ள... அந்த ஆரஞ்சு கேபிள் இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

"எடுத்து அதுல சொருகு."

"போன தடவ நான் வாங்கின திட்டு போதாதா?"

"இப்பத்தான் ட்ரீ ஆன்ல இருக்கே. லூப் வந்தா அதுவே மூடிக்கும். டெஸ்ட் பண்ணின மாதிரியும் ஆச்சு." குரல் கரகரத்தது. "சொருகுடா. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க தங்கச்சியவே கட்டியிருக்கேன், இதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்?"

"அப்பா, படம் ஆரம்பிச்சுடும்!" என்றது பின்னாலிருந்து மகளின் குரல்.

"இதோ தங்கம். இறங்கிட்டேன்னு வெச்சுக்கோ."

சொருகினான்.

பச்சை போய் மஞ்சள் வந்தது. அரை நிமிடம். போர்ட் முதலில் கேட்கும், பிறகு கற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கும். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். போன மாதத்திலிருந்து கற்ற ஒரே பாடம். மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதை அப்போதுதான் கவனித்தான். மெல்லிய, சீரான, துணி உரசும் சத்தம். ரேக்குக்குப் பின்னாலிருந்து. கூடவே ஒரு வாசனை, சூடான தூசியைத் தாண்டி. காலையில் முகத்தில் தடவிக்கொண்ட ஷேவிங் லோஷன். அவனுடையதுதான். ஆனால் அவனிடமிருந்து வரவில்லை.

விளக்கு அணைந்தது.

கையைத் தூக்கி ஆட்டினான்.

எரியவில்லை.

இரண்டு கையையும் ஆட்டினான். குதித்தான். இருட்டு. வரிசையாகப் பச்சைப் புள்ளிகள், நடுவே ஒரே ஒரு மஞ்சள்.

துணி உரசும் சத்தம் நின்றது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நீண்ட நாள் அடக்கிவைத்த மூச்சு. காலடிகள். அவனுடைய பையின் ஜிப் மூடியது. கதவருகே கார்டு மெஷின் கீச்சிட்டது. கதவு திறந்ததும் நடைவழி விளக்கு பளிச்சென்று எரிந்தது, தாமதமே இல்லாமல், வருகிறவனுக்கு மரியாதை செய்வதுபோல. ஒரு முதுகு. நீலச் சட்டை. இடது தோள் சற்றே சரிந்த நடை.

கண்ணாடியில்கூட அவன் பார்த்திராத கோணத்தில் அவன்.

கதவு மூடியது.

பாய்ந்து போய்க் கார்டை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். சின்னத் திரையில் எழுத்து ஓடியது: இந்த நபர் வெளியேறிவிட்டார்.

"மச்சான்! மச்சான், கதவு... இங்க ஒருத்தன்..."

போன் இணைப்பில்தான் இருந்தது. வேன் கதவு திறந்து மூடும் சத்தம். மச்சான் இறங்கித் தள்ளி வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"நீ கத்தறது எனக்குக் கேக்கல மாப்ள. ஆனா உனக்கு நான் பேசறது கேக்கும். மூடின வழி கேட்டுக்கிட்டேதான் இருக்கும், பேசத்தான் பேசாது. நீதானே சொல்லிக் குடுத்த."

கதவை அறைந்தான். கை வலித்தது. சத்தம் வரவில்லை.

"போன வாரம் தனியா வந்தேன். ரேக்குக்குப் பின்னாடி அவன் நின்னுட்டிருந்தான். உன் சட்டை, உன் மூஞ்சி. வாய் மட்டும் அசையுது, சத்தமே இல்ல. ஆரஞ்சு கேபிளையும் இருபத்து நாலையும் மாத்தி மாத்திக் காட்டினான். போன மாசம் நெட்வொர்க் படுத்த அன்னைக்கு உள்ள போனவன் அவன்தான்டா. கேபிள சொருகினவன் அவன். அவனுக்குப் பதிலா நீ எப்படி வெளிய வந்தேன்னு எனக்குத் தெரியல. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர நான் எப்படி அனுப்புவேன்?"

இல்லை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கல்யாணம். மகள் பிறந்தது. உள்ளங்கைக் கோடு. இதோ, இதோ.

"ஒரு வாரமா தூக்கம் இல்ல மாப்ள." மச்சான் மூக்கை உறிஞ்சினான். "நீ எங்கள ரொம்ப சிரிக்க வெச்ச. அதனாலதான் இத்தன நாளாச்சு."

உள்ளங்கையைப் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

"அப்பா வந்துட்டாரு!"

மகளின் குரல். தூரத்திலிருந்து, துள்ளலோடு. ஓடும் செருப்புச் சத்தம்.

போகாதே. தங்கம், போகாதே. வாய் அசைந்தது. வாய் மட்டும்.

ஒரு சிரிப்பு கேட்டது. அவனுடைய சிரிப்பு. நீண்ட நாள் உபயோகிக்காமல் துருப்பிடித்தது மாதிரி.

"கோடு அழியாம இருக்கே! சமத்துப்பா நீங்க." பிறகு, மெதுவாக: "அப்பா... ஏன் கைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?"

மெல்லிய, சீரான, துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, போதும்ப்பா. நாங்கதான் உங்களப் பார்த்துட்டோமே."

போன் திரை அணைந்தது. இருட்டில், மூடின வழியின் மஞ்சள் புள்ளி இமைக்காமல் எரிந்தது. அதன் கீழே அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமலேயே, தலைக்கு மேல் உயர்ந்தது.

ஆட ஆரம்பித்தது.