அக்காவின் நம்பர்

பால் வேண்டாம் என்று சங்கமித்ரா யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று நாளாகக் கதவில் மாட்டிய துணிப்பை காலியாகவே தொங்கியது. முதல் நாள் பால்காரரை மனத்துக்குள் திட்டினாள். இரண்டாம் நாள், தசரா விடுமுறையாயிற்றே, அவரும் ஊருக்குப் போயிருப்பார் என்று பெரிய மனது பண்ணி மன்னித்தாள். மூன்றாம் நாள் மதியம் இரண்டாவது கறுப்புக் காப்பியைக் குடிக்கும்போதுதான் தண்ணீர் கேனும் வரவில்லை, வேலைக்கு வரும் ரோஸியும் வரவில்லை, வாசலில் வைத்த குப்பைப் பையையும் யாரும் எடுக்கவில்லை என்பதெல்லாம் ஒன்றாக உறைத்தது. ரோஸிக்குப் போன் செய்தாள்.

“ஐயோ, நீங்கதானே மேடம் மெசேஜ் போட்டீங்க? ஊருக்குப் போறேன், திங்கக்கிழமை வந்தா போதும்னு.”

“நான் ஒண்ணும் போடலையே ரோஸி.”

“அபார்ட்மென்ட் ஆப்லேர்ந்து வந்துச்சு மேடம். நான் அம்மா வீட்டுக்கு ஆம்பூர் வந்துட்டேனே, இப்ப என்னா பண்றது?”

சங்கமித்ரா போனை வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் ஏழாவது மாடி. மாடிக்கு நான்கு வீடுகள். விடுமுறைக்கு எல்லோரும் போய்விட்டதால் யார் வீட்டுக் குக்கரும் கூவவில்லை, யார் வீட்டு டிவியும் அலறவில்லை. லிப்ட் இருக்கும் பக்கத்திலிருந்து ஈரச் சிமென்ட் வாசனையும், குப்பைப் பையின் புளித்த வாடையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன.

அந்த ஆப்பில் பதிவாகியிருப்பது அவளுடைய நம்பர் இல்லை.

எலக்ட்ரானிக் சிட்டியில் அவளுக்கு ஒரு விசித்திரமான வேலை. ‘என் விவரங்களை அழித்துவிடுங்கள்’ என்று கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடும் வேலை. ஒரு போன் நம்பரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியின் வீடு, வியாதி, உள்ளாடை அளவு வரை போய்விடலாம் என்பதைத் தினமும் பார்க்கிறவள். அதனால் எந்தக் கடையில் “மேடம், நம்பர்?” என்று கேட்டாலும், கண் இமைக்காமல் யசோதரா அக்காவின் பத்து எண்களைச் சொல்லிவிடுவாள். மாரிகுப்பம் ரயிலில் ஏழு வருடம் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்குமாக அலைந்த அக்கா. கொரோனா இரண்டாம் அலையில் போனவள். அந்த சிம் கார்டை வெட்டிப் போட்டதே சங்கமித்ராதான். செத்தவளை எந்தக் கம்பெனிக்காரன் போய்த் தொந்தரவு செய்துவிடப் போகிறான்? இந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கடைக்காரனிடம் அந்த எண்ணைச் சொல்லும் நேரத்தில் அக்காவைக் கூப்பிடுவது போலிருக்கும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மருந்துக் கடை, துணிக் கடை, கண்ணாடிக் கடை என்று எல்லா இடத்திலும் அந்த எண்தான். இந்த வீட்டுக்கு வந்தபோது அபார்ட்மென்ட் அலுவலக ஆளிடமும் அதையே சொன்னாள். பெயரையும் அக்கா பெயராகவே கொடுத்துவிட்டாள். அவனும் ஏதோ அவசரத்தில் சரிபார்க்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். பால், தண்ணீர், வேலைக்காரர், கேட், கதவுப் பூட்டு எல்லாம் அந்த ஒரே எண்ணில். தன்னைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கீழே அந்த அலுவலகத்துக்குப் போய் நம்பரையும் பெயரையும் மாற்றிவிடலாம் என்று எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினாள். அது அசையவில்லை. பூட்டின் சின்னத் திரையில் நீல வெளிச்சம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை, பூட்டப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஓடியது.

இன்டர்காமை எடுத்தாள்.

“கேட்லேர்ந்து கிளாரன்ஸ் பேசறேன்.” புதுக் குரல். விடுமுறைக்கு மாற்றாக வந்தவன் போலிருக்கிறது.

“ஏழாவது மாடி, கடைசி வீடு. கதவு உள்ளேர்ந்து திறக்க மாட்டேங்குது. யாரையாவது அனுப்புங்க.”

“அந்த வீடு காலினு காட்டுதே மேடம்.”

“நான் உள்ளதாங்க இருக்கேன்!”

“இருங்க மேடம், கத்தாதீங்க. பூட்டு ஆளை அனுப்பணும்னா பதிவான நம்பர்லேர்ந்து ஓகே வரணும். யசோதரா மேடம்தானே?”

“ஆமா” என்றாள்.

மழைச் சத்தத்துக்கு நடுவே கிளாரன்ஸ் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு அவன் திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது.

“யசோதரா மேடம் இப்பதான் கேட்டைத் தாண்டிப் போனாங்க. போன்ல கேட் பாஸ் காட்டினாங்க, சரியா இருந்துச்சு. அப்ப நீங்க யாரு?”

“அவங்களை நிறுத்துங்க! மூஞ்சியப் பாத்தீங்களா?”

“குடை புடிச்சிருந்தாங்க மேடம். லிப்ட்ல ஏறிட்டாங்க.”

சங்கமித்ரா அவசர எண்ணை அழைத்தாள். வண்டி வர இருபது நிமிடமாகும், பயப்படாதீர்கள் என்றாள் ஒரு பெண், முதலில் கன்னடத்திலும் பிறகு இவளுக்காக அரைகுறைத் தமிழிலும். இருபது நிமிடம். பால்கனிக்கு ஓடினாள். புறாவுக்காகப் போட்ட இரும்பு வலைக்குள்ளிருந்து கத்தினாள். மழையும் ஓசூர் ரோட்டு லாரிகளும் அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. திரும்பி வந்து சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே லிப்ட் நின்றது. கதவு திறக்கும் சத்தம். காலடி. நனைந்த செருப்பு தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் ‘அக்கா’ என்று வந்தது. அந்தப் பெயரை அழிக்க அவளுக்கு மனம் வந்ததே இல்லை.

எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுத்துவிட்டாள்.

“இன்னாடி மித்ரா, கதவுக்கு சோபாலாம் போட்டு வெச்சிக்கினு.”

அக்காவின் குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்து அடுக்குவது போல ஒரு தயக்கம்.

“முட்டி வலிக்குப் பட்டை வாங்குனியே, போட்டுக்கிறியா? தூக்க மாத்திரை பதினைஞ்சு வாங்குன. ஒம்போதுதான் மிச்சம் இக்கும்.”

“யாரு நீ? அக்கா நம்பரை யாரு உனக்குக் குடுத்தா?”

“நீதான் குடுத்த. நாலு வருஷமா. நீ துன்னது, போட்டது, எல்லாம் எனக்குத்தான வந்துகினு இருந்துச்சு. சும்மா கெடந்தவள நீதானடி ஒவ்வொரு கடையிலயும் கூப்ட்ட.”

காலடி கதவருகே நின்றுவிட்டது. சோபாவின் மேல் மண்டி போட்டு, கதவிலிருந்த சின்ன லென்ஸில் வலது கண்ணை வைத்தாள்.

வெளியே ஒருத்தி குனிந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா தீபாவளிக்கு வாங்கிய மாம்பழ நிறச் சுடிதார். அதே அளவு. சங்கமித்ரா மாட்டிக்கொண்ட அதே ரப்பர் செருப்பு. வலது முட்டியில் பட்டை. போன மாதம் வாங்கிய வட்டக் கண்ணாடி. எல்லாம் புதிது. விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் கழுத்தோரம் தொங்கியது.

அவள் நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. மழமழவென்று தோல்.

“எல்லாத்தையும் வாங்கிட்டேன்” என்றது போன். “மூஞ்சி ஒண்ணுதான் நீ எங்கயும் குடுக்கல.”

அந்த வெறும் தோல் லென்ஸை நோக்கிக் குனிந்தது. கிட்டே. இன்னும் கிட்டே.

“அப்டியே இரு. அசையாத.”

சங்கமித்ரா தலையை இழுத்தாள். வரவில்லை. கழுத்து கேட்கவில்லை. இமைகூட மூடவில்லை.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் தோல் மெல்லப் பிளந்தது. ஈரமாக ஒரு கண் விழித்தது. வெள்ளை விழியின் ஓரத்தில், பிறந்ததிலிருந்து சங்கமித்ராவுக்கு இருக்கும் சிவப்புப் புள்ளி.

அது ஒருமுறை இமைத்தது.

இந்தப் பக்கம் அவளுடைய வலது கண் இருண்டது. மிச்சமிருந்த கண்ணுக்குக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்குவது தெரிந்தது.