அந்த இரண்டாவதை அழிச்சிடுங்க!

டெலிபோன் அலறியது.

'ரீஸ்டார்ட்' எடுத்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு, இந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

"ஹலோ... வைஃபை வேலை செய்யல!" ஒரு பெண் குரல்.

"ரீஸ்டார்ட்..."

"பண்ணியாச்சு! வீட்டுக்கு வாங்க. இன்னொரு வேலையும் இருக்கு. என் வீட்டுக்காரர் லேப்டாப்ல ரெண்டு சிஸ்டம் போட்டு வெச்சிருந்தார். அதுல ஒண்ணை அழிக்கணும்."

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"அவர் செத்துட்டார்!"

ரீஸ்டார்ட் பண்ண முடியாத கேஸ்.

டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கதவைத் திறந்தவள் செத்தவரின் தங்கை. கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. மாடியறையிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவள்.

"அண்ணி உள்ள இருக்காங்க. போங்கண்ணே... துக்கத்துல இருக்காங்களாம்!"

அந்த 'ளாம்'மை அழுத்திச் சொல்லிவிட்டு, தடதடவென்று மாடியேறிப் போனாள்.

அண்ணியின் முகத்தில் துக்கம் இருந்தது. விரல்களில் இல்லை. நகப்பூச்சு இன்னும் காயவில்லை!

"உக்காருங்க. எவ்ளோ நேரமாகும்?"

"அதை லேப்டாப்தான் சொல்லணும் மேடம். சார் எப்படி...?"

"போன மாசம் அருவிக்கு மேல பாறையில நின்னு போட்டோ எடுத்தார். வழுக்கிட்டார். உடம்புகூடக் கிடைக்கல."

மூக்கை உறிஞ்சினாள். சீரியலில் வருகிற அளவுக்குச் சரியாக உறிஞ்சினாள்.

லேப்டாப்பைத் திறந்தான். திரையில் இரண்டு வரிகள். ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக இரண்டு கம்ப்யூட்டர் மாதிரி. எந்த சிஸ்டத்துக்குள் போக வேண்டும் என்று கேட்டது.

"நான் எப்பவும் மொதல்லதுக்குத்தான் போவேன். ரெண்டாவது அவரோடது. அதுல என்ன இருக்குன்னே தெரியாது. அழிச்சிடுங்க!"

"அவசரப்பட்டா ரெண்டும் சேந்து படுத்துக்கும் மேடம். மொதல்ல வைஃபையைப் பாப்போம்."

முதல் சிஸ்டம் வைஃபையைத் தேடியது. கண்டுபிடித்தது. பாஸ்வேர்டு தப்பு என்று துப்பியது.

"எப்ப இருந்து இப்படி?"

"போன வெள்ளிக்கிழமையில இருந்து. அதுவரைக்கும் நல்லாத்தான் வந்துது."

"யாராவது பாஸ்வேர்டை மாத்தினீங்களா?"

"எனக்கு டிவி ரிமோட்டே சரியாத் தெரியாது."

"இல்லேன்னா லேப்டாப்லயே கோளாறு. இன்னொரு சிஸ்டத்துல வைஃபை வந்தா, மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அதுக்குப் பாஸ்வேர்டு வேணுமே! அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"கதவு பூட்டியிருந்தா ஜன்னல் வழியா போறதுதான் மேடம் என் தொழில்."

ஜன்னல் திறந்தது. இரண்டாவது சிஸ்டம் விழித்துக்கொண்டது.

அடுத்த நொடி... வைஃபை வந்துவிட்டது!

அவன் எதையும் டைப் செய்யவில்லை. யாரையும் கேட்கவில்லை. தானாகவே வந்துவிட்டது!

ரீஸ்டார்ட் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"மேடம்... வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டு மாறியிருக்கு. உங்க சிஸ்டத்துக்குப் பழசுதான் தெரியும். புதுசு இதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அதனால...?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யாரோ இதுக்குள்ள வந்து, புதுப் பாஸ்வேர்டைப் போட்டிருக்காங்க. இதைத் திறக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான்னு நீங்களே சொல்றீங்க!"

அவள் முகம் வெளிறிப்போனது.

ரீஸ்டார்ட்டுக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனம் உண்டு. அதுதான் அவன் கெட்ட நேரம்!

"சார் சாகல! இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கார்! சேந்து நாடகம் ஆடறீங்களா மேடம்?"

"உளறாதே!" அவள் கத்தினாள். "அவர் எப்படி வர முடியும்? அங்க இருந்து விழுந்தா எப்படிப் பொழைக்க முடியும்? நான்தானே... ரெண்டு கையாலயும்..."

நிறுத்திக்கொண்டாள்.

ரொம்பத் தாமதமாக நிறுத்திக்கொண்டாள்!

வைஃபை ரிப்பேருக்கு வந்த இடத்தில் கொலை ரிப்போர்ட்!

"நான்... நான் நாளைக்கு வரேன் மேடம்..."

அவள் கதவைத் தாழிட்டாள். மேஜை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

"ரெண்டு சிஸ்டம் லேப்டாப்ல மட்டுமா வெச்சிருந்தார்? வாழ்க்கையிலயும் வெச்சிருந்தார்! இன்னொருத்தி! அவகிட்டயே போறேன்னு பாறை மேல நின்னுக்கிட்டே சொன்னார். என்கிட்ட சொல்ற இடமா அது?"

"தப்பான இடம்தான் மேடம்!"

இஸ்திரிப் பெட்டி பறந்தது. குனிந்தான். சுவரில் காரை பெயர்ந்தது.

பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்தான். கதவு திறந்தது.

வாசலில் தங்கை! கண்ணெல்லாம் தண்ணீர். கையில் போன்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன் அண்ணி. போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு."

அண்ணி அவளைக் கவனிக்கவே இல்லை. மாடிப்படியையே வெறித்தாள்.

"அவர் எங்கடி? எங்க ஒளிச்சு வெச்சிருக்கே? வைஃபையை அவர்தானே மாத்தினார்?"

தங்கை முழித்தாள்.

"வைஃபையா? அதை நான்தான் மாத்தினேன்!"

"நீ... நீயா?"

"அண்ணன் போனதுல இருந்து நாள் பூரா சத்தமா வெச்சு வீடியோ பாத்து சிரிக்கறீங்க. பொறுக்க முடியல. 'அண்ணிக்குக் கிடையாது'ன்னு புதுப் பாஸ்வேர்டு வெச்சேன்!"

"அந்த லேப்டாப்...?"

"நீங்க குளிக்கப் போறப்ப திறப்பேன். எங்க சின்ன வயசுப் போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு. எனக்கும் பாஸ்வேர்டு சொல்லித்தான் வெச்சிருந்தான்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் வர மாட்டான் அண்ணி. அதான் ஆசை தீரத் தள்ளிட்டீங்களே..."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

வராத பிணத்துக்குப் பயந்து, யாரும் கேட்காத குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது!

போலீஸ் வந்தது. அண்ணி ஜீப்பில் ஏறினாள். நகப்பூச்சு காய்ந்திருந்தது. இரண்டு சிஸ்டமும் அழியாமல் லேப்டாப் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது.

இன்ஸ்பெக்டர் ரீஸ்டார்ட்டின் தோளில் தட்டினார்.

"அது சரிய்யா... பாஸ்வேர்டு மாறிப்போச்சுன்னா என்னதான் பண்ணணும்? எங்க வீட்லயும் இதே தொல்லை."

"ரொம்ப சுலபம் சார். பழைய கனெக்‌ஷனை மறந்துடுன்னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினாலே போதும்..."

ஜீப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"இந்தம்மா தள்ளிவிட்டுட்டாங்க!"