குகன் நனைக்கவில்லை

“மறுபடியும் நனைச்சுட்டியாடா?”

லோகேஸ்வரி ஆன்டி காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, முன்சீட்டின் கீழே எட்டிப் பார்த்தார். கால் மிதியடி சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அதன்மேல் குகனின் சின்னச் சப்பாத்துகள் இரண்டும் ஊறிக்கொண்டிருந்தன.

“நான் இல்ல ஆன்டி,” என்றான் குகன். அவன் பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவன், ஏழு வயது. அவனுடைய புத்தகப்பை அவனைவிடப் பெரியது. குரலோ மிகச் சின்னது.

“நீ இல்லன்னா வேற யாரு? இந்த சீட்டுல உன்னத் தவிர யாருடா உக்கார்றா?”

பின்சீட்டில் இருந்த பிரவின் மூக்கைப் பொத்திக்கொண்டான். “பைப்பு திரும்பவும் ஒழுகுது லா,” என்றான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாமரையின் காதுகள் சிவந்தன. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சிவக்கும்.

“பைப்புன்னு கூப்பிடாத. அவனுக்குப் பேர் இருக்கு.”

“உனக்கு ஏன் கோபம் வருது? உன் சப்பாத்தா நனைஞ்சது?”

லோகேஸ்வரி ஆன்டி தினமும் காப்பார் என்ற ஊரிலிருந்து கிள்ளானில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு இவர்களை அழைத்துப் போவார். எல்லோரும் ‘காடி’ என்று சொல்லும் அந்தக் கார் ஒரு குட்டி ஜப்பான் கார். தாமரை பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆன்டிக்கு அதன்மேல் உயிர். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால், “அதுக்கு வலிக்காதா?” என்று கேட்பார்.

தாமரையின் அம்மா பாசாரில் பூ கட்டி விற்பவர். அதனால் தினமும் காலையில் தாமரை காரில் ஏறும்போது ஒரு முழம் பூ கொண்டுவருவாள். ஆன்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்கண்ணாடியின் கீழே வைப்பரில் செருகுவார். பிறகுதான் வண்டி கிளம்பும்.

குகன் முன்சீட்டில் உட்காருவதற்கும் ஒரு காரணம் இருந்தது. பின்னால் உட்கார்ந்தால் அவனுக்குத் தலை சுற்றும்.

அன்று ஓய்வு நேரத்தில் தாமரை குகனைத் தேடிப் போனாள். அவன் சிற்றுண்டிச் சாலையில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். உதடுகள் காய்ந்திருந்தன. பக்கத்தில் தண்ணீர் போத்தல் நிரம்பி நின்றது.

“ஏன் தண்ணி குடிக்கல?”

“குடிச்சாத்தானேக்கா வரும்?” என்றான் குகன். “நான் மூணு நாளா ஸ்கூல்ல குடிக்கிறதே இல்ல. அப்படியும் காடி நனையுது.”

தாமரையின் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்தது. ஏழு வயதுப் பையன் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். எதற்கு? செய்யாத ஒன்றுக்கு.

மறுநாள் விடியற்காலையில் நல்ல மழை. தாமரை ஒரு யோசனையோடு காரில் ஏறினாள்.

“ஆன்டி, இன்னைக்கு நான் முன்னால உக்கார்றேன். குகன் பின்னால உக்காரட்டும்.”

“அதுவும் நல்லதுதான்,” என்றார் ஆன்டி.

முதல் வளைவில் கார் திரும்பியது. தாமரையின் காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தாள். காலுறை நனைந்திருந்தது.

“ஆன்டி, பாருங்க. குகன் இங்க இல்ல. ஆனா ஈரம் இருக்கு.”

“அது அவன் போன தடவை நனைச்ச ஈரம். இன்னும் காயல.”

“நான் ஏறும்போது காஞ்சு இருந்துச்சு ஆன்டி. மழை பெஞ்ச நாள்ல மட்டும்தான் நனையுது.”

“மழை நாள்லதான் குளிரும். குளிர்னா பிள்ளைங்களுக்கு அவசரம் வரத்தான் செய்யும்.”

இதற்குத் தாமரை பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தலை சுற்றிய குகன், காலையில் தின்ற தோசையைப் பிரவினின் மடியிலேயே கக்கிவிட்டான்.

பிரவின் போட்ட கூச்சலில் பக்கத்தில் போன லோரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“போதும்,” என்றார் ஆன்டி. “குகா, உங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். திங்கக்கிழமையிலிருந்து உனக்கு வேற காடி பாக்கட்டும்.”

குகன் அழவில்லை. கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா விடிவதற்கு முன்பே தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவார். அவர்களுடைய தாமான் குடியிருப்புக்கு வேறு எந்தப் பள்ளி வண்டியும் வருவதில்லை. காரில் எல்லோருக்கும் அது தெரியும்.

‘நான்தான் இடம் மாத்தினேன். உதவி செய்யப் போய் இப்படி ஆயிடுச்சே’ என்று தாமரை நினைத்தாள். உடனே இன்னொன்றையும் நினைத்தாள். ‘விடமாட்டேன்.’

வெள்ளிக்கிழமை பள்ளி முடியும் நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆன்டி காரை மெக்கானிக் ஜெயராஜின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்.

“ஆயில் மாத்தணும். கொஞ்ச நேரம் உக்காருங்க,” என்று பிள்ளைகளிடம் சொன்னார். “ஜெயராஜ், அப்படியே உள்ள கார்ப்பெட்டையும் கழுவிடு. ஒரு பையன் நனைச்சு நனைச்சு ஒரே வாடை.”

எல்லோர் முன்னாலும் சொன்னார். குகன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெயராஜ் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, முன்சீட்டுப் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினார். அதன் அடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. வாடை குப்பென்று வந்தது.

“ஐயே,” என்று பிரவின் பின்னால் நகர்ந்தான்.

தாமரை நகரவில்லை. அருகில் போய் முகர்ந்து பார்த்தாள். இந்த வாடை அவளுக்குத் தெரியும். விற்காத பூ வாளித் தண்ணீரில் ரெண்டு நாள் கிடந்தால், அம்மாவின் கடையில் இதே வாடைதான் வரும்.

“அண்ணே, இது நீங்க நினைக்கிற வாடை இல்ல. அழுகின பூ வாடை.”

“காடிக்குள்ள ஏது பாப்பா பூ?”

தாமரை காரின் முன்பக்கம் ஓடினாள். வைப்பரில் வாடிய பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதில் வரிசையாகச் சின்னச் சின்னச் சந்துகள். ஒரு சந்தில் மஞ்சள் இதழ் ஒன்று மாட்டியிருந்தது.

“அண்ணே, இந்தக் கண்ணாடி மேல தண்ணி ஊத்துங்க.”

“என்ன விளையாட்டு இது?” என்றார் ஆன்டி.

“ஊத்தித்தான் பாப்போமேக்கா. தண்ணிதானே,” என்று ஜெயராஜ் குழாயை எடுத்தார்.

“பிரவின், நீ உள்ள குனிஞ்சு பாரு,” என்றாள் தாமரை. “நான் பாத்துச் சொன்னா நம்ப மாட்டீங்க.”

பிரவின் சலித்துக்கொண்டே முன்சீட்டின் கீழே தலையை நுழைத்தான். ஜெயராஜ் கண்ணாடியின் மேல் தண்ணீரை விட்டார்.

“ஒண்ணும் வரல. எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பைப்புதான்…”

அதற்குமேல் பேச முடியவில்லை. டாஷ்போர்டின் அடியிலிருந்து கொட்டிய தண்ணீர் நேராக அவன் வாயில் விழுந்தது.

பிரவின் சொட்டச் சொட்ட வெளியே வந்தான். இந்த முறை மூக்கைப் பொத்த அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜெயராஜ் வைப்பரைக் கழற்றி, கறுப்பு மூடியைத் தூக்கினார். கீழே ஒரு நீளமான பள்ளம். மழைத் தண்ணீர் அதில் விழுந்து, ஓர் ஓட்டை வழியாகக் கீழே போகவேண்டும். ஆனால் பள்ளம் முழுக்கக் கறுப்பாகக் கூழ் போல ஏதோ அடைத்திருந்தது. கையை விட்டு அள்ளினார். பூ நார், காம்பு, அழுகிய செவ்வந்தி.

“ஓட்டை அடைச்சிருக்கு. அதான் தண்ணி இங்கயே நிக்குது. வண்டி திரும்பும்போது ஏசி காத்து போற வழியா உள்ள கொட்டுது,” என்றார்.

ஆன்டி அந்தப் பூ நாரையே பார்த்தார். பிறகு கழற்றி வைத்த வைப்பரில் இன்னும் சுற்றியிருந்த சரத்தைப் பார்த்தார். தாமரையும் பார்த்தாள். தினமும் அவள் கொண்டுவந்த பூ அது.

“சரி, கண்டுபிடிச்சாச்சு. சுத்தம் பண்ணினதும் கிளம்புவோம்,” என்றார் ஆன்டி.

கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. பிரவின் ஏறினான். தாமரை ஏறவில்லை.

“ஏறும்மா.”

“குகன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலியே ஆன்டி.”

“அவன் திங்கக்கிழமை வரட்டும். அதான் பிரச்சனை தீந்துருச்சே.”

“காடிக்குத் தீந்துருச்சு. அவனுக்குத் தீரல. நீங்க எல்லார் முன்னாலயும் திட்டினீங்க. இத்தனை நாளா அவன் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கல, தெரியுமா?”

ஆன்டி குகனைத் திரும்பிப் பார்த்தார். அவனுடைய காய்ந்த உதடுகளை அப்போதுதான் கவனித்தார். ஜெயராஜ் ஏற்கெனவே துடைத்துவிட்ட ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார்.

ஆன்டி மெல்லக் குனிந்து குகனின் முன்னால் குந்தினார்.

“நீ நனைக்கலடா. என் காடிதான் நனைச்சுச்சு. கேக்காம கொள்ளாம உன்னத் திட்டிட்டேன். தப்பு என்னோடது.”

குகன் கொஞ்சம் யோசித்தான்.

“அப்போ பைப்பு, உங்க காடியோட பேரா ஆன்டி?”

ஜெயராஜ் வாய்விட்டுச் சிரித்தார். ஆன்டியும் சிரித்துவிட்டார். பிரவின் சட்டையைப் பிழிந்துகொண்டே, “சாரி குகன்,” என்றான்.

திங்கட்கிழமை காலையிலும் மழை விடவில்லை. தாமரை கொடுத்த பூவை ஆன்டி கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழக்கத்தில் கை ஜன்னலுக்கு வெளியே போனது. சட்டென்று இழுத்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்குச் சாத்தினார்.

முன்சீட்டில் குகன். கார் முதல் வளைவில் திரும்பியது. எல்லோரும் கீழே பார்த்தார்கள். மிதியடி காய்ந்தே இருந்தது.

குகன் தன் போத்தலைத் திறந்தான். மடக் மடக்கென்று மொத்தத் தண்ணீரையும் குடித்து முடித்தான். பிறகு பின்சீட்டுப் பக்கம் திரும்பி, போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.